ஹிப் ஹாப் பாடலை ராக் குழு மேடையேற்றும்போது: இரு தரப்பு ரசிகர்களையும் எதிர்கொள்ளும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளின் கல்லூரி விழாக்களிலும் ஆலயத் திருவிழாக் கலைநிகழ்ச்சிகளிலும் வாசிக்கும் ராக் இசைக்குழு, ராப் (தாளத்தில் சொற்களைப் பேசுவதுபோல் அடுக்கிப் பாடும் முறை) நிறைந்த ஒரு ஹிப் ஹாப் பாடலைத் தன் பாணிக்கு மாற்றி இசைக்கும்போது, எதிரே இரண்டு வகை ரசிகர்கள் நிற்பார்கள். கிதாரின் முழக்கத்துக்காக வந்தவர்களை மகிழ்விப்பது எளிது. மூலப் பாடலின் ஒவ்வொரு வரியையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்களோ, ஒரு சொல் விழுங்கப்பட்டாலும் கண்டுகொள்வார்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது, கூட்டம் சேர்ந்து முழங்கத்தக்க பல்லவி அதில் இருக்கிறதா என்பதையும், அதன் சொற்கள் உங்கள் பாடகரின் நாக்குக்கு வசப்படுமா என்பதையும் முதலில் பாருங்கள். அமெரிக்காவின் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழு, 2000இல் வெளியிட்ட ‘ரெனகேட்ஸ்’ தொகுப்பில் சைப்ரஸ் ஹில், எரிக் பி - ரக்கிம், இ.பி.எம்.டி. ஆகியோரின் ராப் பாடல்களைக் கனமான கிதார் இசையுடன் பாடியது. அதன் பாடகர் ஸாக் டி லா ரோச்சா தொடக்கம் முதலே ராப் பாணியில் பாடிவந்தவர் என்பதால், இசை மாறியபோதும் சொல்லோட்டம் குலையவில்லை. அதே ஆண்டில் டைனமைட் ஹேக் குழு, ராப் பாடகர் ஈஸி-ஈயின் 1987ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை மென்மையான கிதாரும் இதமான மெட்டுமாக மாற்றிப் பாடியது. முரட்டுத் தெருச் சொற்கள் தாலாட்டுப் போல ஒலித்ததில்தான் அதன் நகைச்சுவை இருந்தது. சிரிப்பை நாடினால் அந்த வழியும் ஒரு வழிதான். ஆனால் சாதியையும் வறுமையையும் பேசும் தமிழ் ராப் பாடலை அப்படி நையாண்டியாக்கிவிட்டு, ரசிகர்கள் கோபப்படுகிறார்கள் என்று வருந்துவதில் நியாயமில்லை.

தேர்வு முடிந்ததும் வேகத்தைப் பூட்டுங்கள். ராப் பாடல்கள் பல நிமிடத்துக்கு 80 முதல் 100 தாள அடிகளுக்குள் நடப்பவை. மேடைச் சூட்டில் டிரம்மரின் கை தானாக வேகமெடுக்கும்; பத்து அடி கூடினாலே பாடகருக்கு மூச்சு விட இடம் இருக்காது. ஆகவே ஒத்திகையிலும் மேடையிலும் டிரம்மர் காதில் மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தாள அடியை ஒலிக்கும் கருவி) ஒலிக்க வேண்டும். மூலத்தில் திரும்பத் திரும்பச் சுழலும் ஒலித்துண்டின் வேலையை பேஸ் கிதாரும் டிரம்ஸும் ஏற்றுக்கொள்ளட்டும். சரணம் முழுவதும் கிதார்காரர் தந்திகளை உள்ளங்கையால் அடக்கி வாசித்து, பல்லவியில் மட்டும் முழுதாகத் திறக்கட்டும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏறிய கிதாரும் அதே இடத்தில்தான் வந்து குவிகிறது. ஒலிக்கலவைப் பலகையில் அந்தப் பகுதியில் கிதாரை மூன்று டெசிபெல் அளவுக்குக் குறைத்துப் பார்த்தால், பாடகர் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமலே வரிகள் கேட்கத் தொடங்கும். கிதார்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

குரல் பயிற்சியில் நம் மாவட்டத்துக் குழுக்களுக்கு ஒரு சிக்கலும் ஒரு வசதியும் உண்டு. ஆலயப் பாடகர் குழுவில் வளர்ந்த குரல்கள் உயிரொலியை நீட்டி, சேர்ந்திசையில் கரைந்துபோகப் பழகியவை. ராப்புக்கோ சொல்லைத் தெறித்து விட்டு அடுத்த சொல்லுக்கு நகரும் நாக்கு வேண்டும். வசதி என்பது வில்லுப்பாட்டு. அம்மன் கோயில் கொடையிலோ (கோயில் திருவிழா) சுடலைமாடன் கோயில் கொடையிலோ ஓர் இரவு உட்கார்ந்து கவனித்தால், கதை சொல்பவர் எங்கே மூச்சை வாங்குகிறார், பின்பாட்டுக்காரர்கள் வரியின் கடைசிச் சொல்லை எப்படிப் பிடித்துக்கொடுக்கிறார்கள், பேச்சு நடக்கும்போது உடுக்கையும் குடமும் எவ்வளவு அடங்கியிருக்கின்றன என்பதெல்லாம் விளங்கும். முதன்மைப் பாடகர் மூச்சு வாங்கும் இடங்களைத் தாளில் குறித்து, அங்கே வரியின் ஈற்றுச் சொல்லைச் சொல்லும் பொறுப்பை பேஸ் கலைஞரிடமோ டிரம்மரிடமோ ஒப்படையுங்கள். மூலப் பாடலின் ரசிகர்கள் இதை உடனே உணர்வார்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் திறந்த மைதானங்களில் காற்று சொற்களை அள்ளிக்கொண்டு போய்விடும். நிகழ்ச்சி நடக்கும் நேரத்தை ஒட்டியே ஒலிச் சோதனை செய்து, கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்தி, வரி புரிகிறதா என்று கேளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், இந்தப் பாடலைக் கடைசிக்குத் தள்ளிவைத்து அவசரமாகப் பாடவும் வேண்டாம்.

பாடும்போது கூட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் சரணத்தில் அமைதி நிலவினால் அது வெறுப்பு அன்று. பாட்டு எது என்று அடையாளம் காண முயல்கிறார்கள். உயர்ந்து நிற்கும் கைபேசிகளைப் பாராட்டு என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் சரணத்தின் நடுவே பாடகர் ஒரு வரியின் இறுதிச் சொல்லை விட்டுக்கொடுத்து நிறுத்தும்போது கூட்டம் அதை நிரப்புகிறதா என்பதே நம்பத்தக்க சோதனை. நிரப்பாவிட்டால் அந்த உத்தியைத் திரும்பச் செய்யாமல், கிதார் தனிவாசிப்பைச் சுருக்கிப் பல்லவிக்குத் திரும்பிவிடுங்கள். “மக்கா, ராப்பு எங்க போச்சு?” என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தால் மேடையிலிருந்து பதில் சொல்லக் கூடாது. நிகழ்ச்சி முடிந்த பின் அவரைத் தேடிப்பிடித்து, எந்த வரி கேட்கவில்லை என்று விசாரியுங்கள். பொதுவான புகழ்ச்சியைவிட அந்தப் பதில் அடுத்த ஒத்திகைக்கு உதவும்.

மேடையில் பாடுவதும் பதிவுசெய்து வெளியிடுவதும் வெவ்வேறு. மேடைக்கு, நிகழ்ச்சி அமைப்பாளர் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர் உள்ளிட்டோரின் உரிமைகளுக்கான இந்தியச் சங்கம்) உரிமம் பெற்றிருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுக்கு, 2012 திருத்தத்தின் மூலம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 31சி பிரிவு, முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பாடல்களுக்கே சட்டவழி உரிமம் (உரிமையாளருக்குத் தொகை செலுத்தி, சட்டத்தின் பேரில் மறுபதிவு செய்யும் உரிமை) தருகிறது. அப்போதும், தொழில்நுட்பத் தேவையை மீறிச் சொல்லையோ இசையையோ மாற்ற உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். ராப்பை ராக்காக மாற்றுவதே உங்கள் நோக்கம் என்பதால், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னரே, பாடல் வரிக்கும் இசைக்கும் உரிமை உடையவர்களிடம் எழுத்துவழி ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள்.