மருத்துவக் கழிவில் வளரும் இழைப்பூஞ்சைகளை நுண்ணோக்கியில் அடையாளம் காணும் முறை

இரத்தமும் சீழும் ஊறிய பஞ்சு, கட்டுத்துணி, காகிதம், மர நாக்குப் பட்டை ஆகியவை ஈரத்தோடு ஓரிரு நாள் மூடிக் கிடந்தால் அவற்றில் இழைப்பூஞ்சை படர்வது வியப்பில்லை. அது எந்தப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) என்று சொல்வதற்கு நிறத்தை மட்டும் நம்பினால் அடிக்கடி தவறு நேரும். பச்சை நிறத்தில் வளர்வது அஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம், பெனிசிலியமாக இருக்கலாம், டிரைக்கோடெர்மாவாகவும் இருக்கலாம். வித்துகள் எதன் மேல், எந்த அடுக்கில், எப்படிப் பிறக்கின்றன என்பதே உண்மையான அடையாளம் என்பதால், அந்த அமைப்பு கலையாமல் நுண்ணோக்கிக்குக் கீழ் வந்து சேர வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. பதப்படுத்தப்படாத மருத்துவக் கழிவில் ஊசியும் உடைந்த கண்ணாடியும் கிடக்கக்கூடும். கையை உள்ளே விட்டுத் துழாவாமல், நீண்ட இடுக்கியால் மேற்பரப்பில் தெரியும் பொருளை மட்டும் எடுக்க வேண்டும். மாதிரியைப் பிரிப்பதும், பூஞ்சை வளர்ந்த வளர்ப்புத் தட்டைத் திறப்பதும் இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் (காற்றை வடிகட்டிக் காக்கும் வேலைப்பெட்டி) நடக்க வேண்டும். தட்டை முகர்ந்து பார்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் உண்டு; அது ஆபத்தானது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸின் வித்துகள் 2 முதல் 3.5 மைக்ரோமீட்டர் அளவே ஆதலால் நேரே நுரையீரலின் காற்றுப்பைகள்வரை சென்றுவிடும்.

மாதிரியில் கிருமிநாசினி எஞ்சியிருக்கிறதா என்பதைப் பலர் கேட்பதில்லை. ஹைப்போகுளோரைட்டில் நனைத்த கழிவானால், சோடியம் தயோசல்ஃபேட் கலந்த நீரில் குளோரினை முறித்த பின்பே மாதிரியைத் தட்டில் இட வேண்டும். இல்லாவிடில் ஒன்றும் வளராத தட்டைப் பார்த்துக் கழிவு தூய்மையானது என்று எழுத நேரும். 1 கிராம் மாதிரியை 9 மில்லிலிட்டர் உப்புநீரில் போட்டு, சிறிது ட்வீன் 80 சேர்த்து நன்கு குலுக்கவும். பூஞ்சை வித்துகள் நீரில் ஒட்டாமல் மிதக்கும் இயல்புடையவை. ட்வீன் அவற்றை நனைத்துப் பிரிக்கிறது. அதிலிருந்து படிப்படியாகப் பத்துமடங்கு நீர்த்த கரைசல்களைத் தயாரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் 0.1 மில்லிலிட்டரைச் சபரோ டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்னும் பூஞ்சை வளர்ப்பு ஊடகத்தில் பரப்ப வேண்டும்.

பாக்டீரியாவை அடக்க குளோரம்ஃபெனிக்கால் போதும். சைக்ளோஹெக்சிமைடைச் சேர்க்க வேண்டாம். அது பல அஸ்பெர்ஜில்லஸ்களையும் மியூக்கர் வகைகளையும் தடுத்து, நாம் தேடுவதையே மறைத்துவிடும். ரைசோபஸ் தட்டு முழுவதையும் நிரப்பி மற்றவற்றை மூடும் தொல்லை இருந்தால் ரோஸ் பெங்கால் அகாரைப் பயன்படுத்தலாம்; அந்த ஊடகத்தை ஒளி படாமல் வைக்க வேண்டும். மாதிரி இடாத ஒரு தட்டையும், கழிவு வைக்கும் அறையில் சிறிது நேரம் திறந்து வைத்த இன்னொரு தட்டையும் இவற்றோடு சேர்த்து வளர்க்கவும். அறைக்காற்றிலிருந்து விழுந்த வித்தைக் கழிவில் வளர்ந்தது என்று எண்ணிவிடாமல் காப்பவை இவ்விரண்டும்தான். 25 முதல் 28 பாகை செல்சியஸில் 5 முதல் 7 நாள் வளர்த்து, வேறுபட்டுத் தெரியும் ஒவ்வொரு பூஞ்சைக் கூட்டத்தையும் தனித்தட்டுக்கு மாற்றித் தூய வளர்ப்பாக்கிய பிறகே நுண்ணோக்கியைத் தொடவும்.

பார்வைக்கு எடுப்பதில் மூன்று வழிகள் உண்டு. ஊசியால் கீறி லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்னும் நீலச் சாயத்தில் பரப்புவது விரைவானது. ஆனால் வித்துச் சங்கிலிகள் சிதறி, குமிழும் (காம்பின் பருத்த நுனி) குடுவைச் செல்களும் (வித்துகளைப் பிறப்பிக்கும் செல்கள்) வெறும் துண்டுகளாகத் தெரியும். ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைக் கூட்டத்தின் விளிம்பில் மெல்ல அழுத்தி, சாயத்துளியின் மேல் வைத்துப் பார்ப்பது அதைவிட நன்று. ஐயம் தீராதபோது ஸ்லைடு வளர்ப்பு ஒன்றே கைகொடுக்கும்: பெட்ரி தட்டில் ஈரவடிதாளும் வளைத்த கண்ணாடிக் கம்பியும் வைத்து, அதன் மேல் ஸ்லைடு, அதன் மேல் ஏறத்தாழ 1 செ.மீ. சதுர அகார்க் கட்டி. கட்டியின் நான்கு பக்கங்களிலும் பூஞ்சையைத் தொட்டு, கவர்ஸ்லிப்பால் மூடி வளர்க்கவும். வித்துகள் முதிரத் தொடங்கியதும் கவர்ஸ்லிப்பைக் கவனமாக எடுத்து, ஆல்கஹால் ஒரு துளி விட்டு உலர்த்தி, சாயத்தின் மேல் கவிழ்க்க வேண்டும். அச்சாயத்தில் ஃபீனால் பூஞ்சையைக் கொல்கிறது, லாக்டிக் அமிலம் அமைப்பைக் காக்கிறது, நீலம் செல்சுவரைப் பற்றுகிறது. ஃபீனால் தோலைச் சுடும் என்பதால் கையுறை அவசியம்.

அளவிடாமல் பெயர் சொல்லக் கூடாது. கண்ணருகு வில்லையில் உள்ள அளவுகோலை, ஸ்லைடு வைக்கும் மேடையில் வைக்கும் மேடை அளவுகோலோடு ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் தனித்தனியே ஒப்பிட வேண்டும். கண்ணருகு அளவுகோலின் 40 பிரிவுகள் மேடை அளவுகோலின் 10 பிரிவுகளோடு பொருந்தினால், மேடையின் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர் ஆதலால், கண்ணருகின் ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீட்டர் ஆகும்.

10 மடங்கு வில்லையில் முதலில் இழையைப் பாருங்கள். தடுப்புச் சுவரே இல்லாமலோ எப்போதாவது ஒன்றாகவோ, நாடா போல் அகன்று, 6 முதல் 16 மைக்ரோமீட்டர் வரை தடித்திருந்தால் அது மியூக்கர் வகை. வேர்விழுதுகள் காம்பின் அடியிலேயே தோன்றினால் ரைசோபஸ். காம்புகள் விழுதுகளுக்கு இடையிலிருந்து எழும்பி, வித்தகத்தின் (வித்துகள் நிறைந்த பை) கீழ் புனல் போல் விரிந்தால் லிக்தைமியா. விழுதே இல்லையெனில் மியூக்கர் பேரினம். திசுவில் இழை 90 பாகையில் கிளைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்வதைத் தட்டு வளர்ப்புக்குப் பொருத்த வேண்டாம்.

இழையில் ஒழுங்கான தடுப்புகள் இருந்தால் 40 மடங்குக்கு மாறவும். நிமிர்ந்த காம்பின் நுனி குமிழாகப் பருத்து, அதன்மேல் குடுவைச் செல்கள் நின்றால் அஸ்பெர்ஜில்லஸ். குடுவைச் செல்கள் ஒரே வரிசையாகக் குமிழின் மேற்பாதியில் மட்டும் நின்று, வித்துகள் தூண் போல் மேல்நோக்கித் திரண்டால் ஃபுமிகேட்டஸ். இரு வரிசையாகக் குமிழைச் சுற்றிலும் நின்று வித்துகள் கறுத்து முரடாயிருந்தால் நைகர். மஞ்சட்பச்சைக் கூட்டத்தில் காம்பே சொரசொரப்பாயிருந்தால் ஃப்ளேவஸ். குமிழ் இல்லாமல் துடைப்பம் போல் கிளைத்தால் பெனிசிலியம். வாழைப்பழ வடிவில் தடுப்புகளுடன் வளைந்த பெரிய வித்து ஃபியூசேரியத்துக்கு உரியது. இழையே பழுப்பாயிருந்தால் கறுப்புப் பூஞ்சைகளை நினைக்கவும்: குறுக்கும் நெடுக்குமாய்ச் சுவர் எழுந்த வித்து ஆல்டெர்னேரியா, நடுச்செல் பருத்து வளைந்தது கர்வுலேரியா, கேடய வடிவச் செல்களுடன் கிளைத்த சங்கிலி கிளாடோஸ்போரியம்.

வித்தே தோன்றாத வெள்ளை வளர்ப்புக்குப் பெயர் சூட்டுவது ஊகமே. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாருக்கு மாற்றி இன்னும் ஒரு வாரம் காத்திருக்கலாம். அப்போதும் தோன்றாவிட்டால் 'வித்தில்லா இழைப்பூஞ்சை' என்றே பதிவேட்டில் எழுத வேண்டும். வடிவத்தைக் கொண்டு பேரினம்வரை துணிந்து சொல்லலாம்; அஸ்பெர்ஜில்லஸின் நெருங்கிய இனங்களைப் பிரிக்க மரபணு வரிசை தேவைப்படுவதால், 'ஃபுமிகேட்டஸ் தொகுதி' என எழுதுவதே என் பார்வையில் நேர்மையானது. வேலை முடிந்ததும் எல்லாத் தட்டுகளையும் ஸ்லைடு வளர்ப்புகளையும் மூடிய நிலையிலேயே 121 பாகை செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் அழுத்தக் கொதிகலனில் (ஆட்டோகிளேவ்) வைத்த பின் அகற்றவும். ஃபீனால் கலந்த ஸ்லைடுகளை மட்டும் அதில் வைக்காமல் வேதிக்கழிவாகத் தனியே சேர்க்கவும்.