மாண்டலின் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்: இம்போர்ட்டடா, நம் நாட்டுத் தயாரிப்பா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ மாண்டலின் வாசிக்கிற நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. "கல்கத்தா மாண்டலின்ல சுருதியே நிக்காது அண்ணே, வாங்கினா இம்போர்ட்டட் வாங்கணும்" என்பார் ஒருவர். "சைனாக்காரன் பிளைவுட்ட ஒட்டி பாலிஷ் போட்டு அனுப்புறான், அதுக்கா இவ்வளவு காசு?" என்பார் அடுத்தவர். இரண்டு பேரும் அவரவர் கையில் பட்ட ஒரு வாத்தியத்தை வைத்துப் பேசுகிறார்கள். அதனால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இதை நம்பி ஒரு பிள்ளைக்கு வாத்தியம் வாங்கிக் கொடுத்தால், ஆறு மாதத்தில் அது அலமாரி மேல் போய்விடுகிறது. விரல் வலிக்கிறது, சுருதி சேரவில்லை, பிள்ளைக்கு ஆசை விட்டுப்போகிறது. அந்த ஆசை போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதைத் தடுக்கலாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவறு, நாட்டின் பெயரைத் தரமாக எடுத்துக்கொள்வது. சீனாவில் கைக்கு வந்தபடி அச்சில் அழுத்திச் செய்த மலிவான மாண்டலினும் வருகிறது, பெய்ஜிங்கில் பட்டறை உள்ள ஈஸ்ட்மேன் போன்றவர்கள் கையால் குடைந்து செய்யும் அருமையான மாண்டலினும் வருகிறது. கென்டக்கி என்ற பெயரில் விற்கும் மாண்டலின்கள் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்டவை, பிறகு கொரியாவில், இப்போது சீனாவில். ஒரே பெயர், மூன்று நாடு. நம் நாட்டிலும் இதே கதைதான். கொல்கத்தாவில் மொத்தமாகச் செய்து கடைகளுக்கு அனுப்பப்படும் தொடக்கநிலை வாத்தியத்தையும், ஒரு கைவினைஞர் ஆர்டர் வாங்கி நாள் எடுத்துச் செய்து தரும் வாத்தியத்தையும் "இந்தியன்" என்று ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம் யூடியூபில் இருந்து வருகிறது. இறக்குமதியா உள்நாட்டுச் சரக்கா என்ற இந்த வாதம் அமெரிக்காவில் பல காலமாக நடக்கிறது. அங்கே அதன் தலைகால் வேறு. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்சன் வயலினைப் போல மேல்பலகையைக் குடைந்து மாண்டலின் செய்தார். 1902-ல் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியது. 1922-ல் ஒலி வல்லுநர் லாயிட் லோர் அங்கே இருந்தபோது வந்த எஃப்-5 மாடலைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பலர் அப்படியே பின்பற்றுகிறார்கள். ஆக ஒரு அமெரிக்கர் உள்நாட்டு மாண்டலின் என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது கிப்சன், காலிங்ஸ் போன்ற விலை உயர்ந்த வாத்தியங்கள். இறக்குமதி என்று அவர் சொல்வது ஆசியாவில் இருந்து வரும் குறைந்த விலைச் சரக்கை. நமக்கோ உள்நாட்டுச் சரக்குதான் விலை குறைவு, இறக்குமதிதான் விலை கூட. அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு வடசேரியில் போய்க் கடையில் நின்றால், யாருக்காகவோ சொன்ன தீர்ப்பை நம் தலையில் ஏற்றிக்கொள்கிறோம்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் இடறுகிறார்கள். பெட்டியைத் திறந்து, நாலு தட்டு தட்டிப் பார்த்து, "சவுண்ட் சரியில்லை" என்று ஒதுக்குவார்கள், இல்லையென்றால் "சூப்பர்" என்று பணத்தை எண்ணுவார்கள். மாண்டலின் அப்படித் தீர்ப்புச் சொல்லக்கூடிய வாத்தியமே இல்லை. அதன் பிரிட்ஜ், அதாவது கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு, ஒட்டப்பட்டது கிடையாது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் மேல்பலகை மீது நிற்கிறது. பார்சலில் வரும்போது பல சமயம் பிரிட்ஜைக் கழற்றியோ சாய்த்தோதான் அனுப்புவார்கள். கடையில் அவசரமாக நிமிர்த்தி வைத்த பிரிட்ஜ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் போதும், லட்ச ரூபாய் வாத்தியமும் அபசுரம்தான் பேசும்.

இதைச் சரிபார்ப்பது எளிது, போனில் ஒரு ட்யூனர் ஆப் இருந்தால் போதும். கம்பியைத் திறந்தபடி சுருதி சேர்த்துவிட்டு, தலைப்பக்கமிருந்து எண்ணினால் வரும் 12-வது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மணி போன்ற அந்த ஒலியை எழுப்புங்கள். அப்புறம் அதே 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். அழுத்தி மீட்டும்போது சுருதி ஏறியிருந்தால் பிரிட்ஜை வால்பக்கம் ஒரு துளி தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கம். தள்ளும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லையென்றால் மேல்பலகையில் கீறல் விழும். இதைச் செய்த பிறகும் 5-வது, 7-வது ஃப்ரெட்டுகளில் சுருதி முன்னுக்குப் பின் இருந்தால், பெரும்பாலும் ஃப்ரெட்டுகளையே தவறான இடத்தில் பதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது எளிதில் திருத்த முடியாத குறை. அந்த வாத்தியத்தை எந்த நாட்டுக்காரர் செய்திருந்தாலும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அதேபோல விரல் வலிக்கும் காரணம். 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்க இதமாக இருக்கும். மலிவான வாத்தியங்களில் இது கூடுதலாக இருப்பதைப் பார்க்கலாம். பிரிட்ஜின் இரு பக்கமும் உள்ள சிறு சக்கரத்தைத் திருகிக் குறைக்கலாம். ஆனால் பலர் மறந்துவிடுவது தலைப்பக்க நட், அதாவது கழுத்தின் முனையில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள சிறு துண்டு. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு போதும். விரல் நுனி நுழைகிற அளவு இருந்தால் நட்டின் பள்ளத்தை அரத்தால் ஆழப்படுத்த வேண்டும். அது தெரிந்தவர் கையால் நடக்க வேண்டிய வேலை, ஒரு இழுப்பு கூடப்போனால் கம்பி உராய்ந்து இரையும்.

பிரிட்ஜின் அடிப்பாகம் மேல்பலகையின் வளைவோடு முழுக்கப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு காகிதத் துண்டை ஓரத்தில் நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் அங்கே ஒலி கசிகிறது. மேல்பலகை மீது உப்புத்தாளை முகம் மேலாக வைத்து, அதன் மேல் பிரிட்ஜை முன்னும் பின்னும் தேய்த்து அதே வளைவுக்குக் கொண்டுவருவார்கள். பொறுமையாகச் செய்தால் அரைமணி நேர வேலை. இது ஒன்றைச் செய்த பிறகு கல்கத்தா மாண்டலின் ஒன்று எழுப்பும் ஒலியைக் கேட்டால், அதை மட்டம் என்று சொன்னவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். நம் வாதத்தில் பாதி, சரியாகச் செட்டப் செய்த, அதாவது மேலே சொன்னபடி எல்லாம் சரிப்படுத்திய, இறக்குமதி வாத்தியத்தையும் செட்டப்பே செய்யாத உள்நாட்டு வாத்தியத்தையும் ஒப்பிட்டதால் வந்தது என்றே நினைக்கிறேன்.

மரத்தைப் பற்றி. "சாலிட் டாப்" என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பாதீர்கள். ஒலித்துளையின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை அப்படியே வெட்டுமுகத்திலும் இறங்கினால் முழுப்பலகை. சாண்ட்விச் போல அடுக்கு தெரிந்தால் பிளைவுட். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் முழுப் பலகையில் ஒலி விரிந்து வரும், வாசிக்க வாசிக்க இன்னும் திறக்கும். அதற்காகப் பிளைவுட்டை வெறுக்க வேண்டியதும் இல்லை. மழையில் நனைந்த காற்றில் அது அவ்வளவாக அசையாது. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, ஃப்ரெட் சரியாக உள்ள பிளைவுட் மாண்டலின், ஃப்ரெட் தவறிய முழுமர மாண்டலினைவிட ஆயிரம் மடங்கு நல்லது. வீணைக்குப் பலா மரம் சிறப்பு, அதனால் மாண்டலினையும் பலாவில் செய்தால் என்ன என்று நம்மூரில் கேட்பவர்கள் உண்டு. உடலுக்குச் செய்யலாம். மேல்பலகைக்கு எடை குறைந்து விறைப்பாக நிற்கிற மரம் வேண்டும், அதனால்தான் ஸ்ப்ரூஸ்.

தோளில் சுருள் வைத்த எஃப் மாடலுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது இன்னொரு பழக்கம். அந்தச் சுருள் பார்க்க அழகு, ஒலிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. செய்வதற்கு நேரம் எடுப்பதால் விலை ஏறுகிறது. அதே பணத்தில் சுருள் இல்லாத சாதாரண ஏ மாடல் வாங்கினால் நல்ல மரம் கிடைக்கும்.

எதற்காக வாங்குகிறோம் என்று யோசிக்காமல் தரத்தைப் பேசுவது எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. நம் மாவட்டத்தில் மாண்டலின் கற்பவர்களில் ஒரு சாரார் கர்நாடக சங்கீதத்துக்குப் போகிறார்கள், இன்னொரு சாரார் ஆலயப் பாடகர் குழுவுக்கும் கேரல் பவனிக்கும் லைட் மியூசிக்குக்கும். இரண்டுக்கும் ஒரே வாத்தியம் சரிப்படாது.

ஆந்திராவின் பாலக்கொல்லில் 1969-ல் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ் மாண்டலினைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தார். அவர் கையில் இருந்தது நாலு ஜோடிக் கம்பி உள்ள மேல்நாட்டு மாண்டலின் கிடையாது, ஐந்து ஒற்றைக் கம்பிகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலின். காரணம் புரிந்தால் கடையில் ஏமாற மாட்டோம். கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு, கம்பியை இழுக்க வேண்டும், வழுக்க வேண்டும். ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுரம் பிசிறும். அக்கூஸ்டிக் மாண்டலினில் ஒலி எழுந்த வேகத்தில் அடங்கும், ஒரு நீண்ட கார்வை நிற்காது. எலெக்ட்ரிக்கில் நிற்கும். ஆகவே ஒரு கர்நாடக மாணவருக்கு, வெளிநாட்டில் இருக்கும் மாமா ஆசையோடு அனுப்பிய நல்ல அமெரிக்க மாடல் மாண்டலின்கூடப் பயன்படாது. நம் தென்னகக் கைவினைஞர்கள் ஆர்டருக்குச் செய்துதரும் எலெக்ட்ரிக்தான் அவருக்குத் தரமான வாத்தியம். இந்த ஒரு விஷயத்தில் நம் நாட்டுத் தயாரிப்புக்கு நிகர் வெளியே தேட வேண்டியதில்லை. வாங்கும் முன் குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆலயத்தில் கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு நாலு ஜோடிக் கம்பி மாண்டலின்தான் பொருத்தம், அந்த மினுமினுப்பு ஜோடிக் கம்பியில்தான் வரும். ஆனால் அங்கே மரத்தின் நுணுக்கம் யார் காதுக்கும் எட்டாது. நல்ல பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) பொருத்தியதா என்பதைப் பாருங்கள்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றில் ஈரம். நல்ல இறக்குமதி வாத்தியங்களைப் பெரும்பாலும் ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் கட்டுப்படுத்திய அறையில் செய்கிறார்கள். அது குலசேகரத்துக்கோ குளச்சலுக்கோ வந்து இறங்கினால் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், மேல்பலகை எழும்பும், அதோடு கம்பியும் உயரும். "வாங்கும்போது நல்லா இருந்துச்சு, இப்ப அழுத்தவே முடியல" என்பதன் காரணம் இதுதான். வந்ததும் செட்டப் செய்யாமல் ஒன்றிரண்டு வாரம் வீட்டுக் காற்றில் பழக விட்டு, பிறகு செய்யுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள், ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். தோல் வார் இருந்தால் தனியே கழற்றி வையுங்கள், பூஞ்சை முதலில் அங்கேதான் பிடிக்கும்.

முட்டம், மணவாளக்குறிச்சி போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேரும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிக்கு அடியிலும் ஒரு இழுப்புத் துடைத்தால் துரு தள்ளிப்போகும். பூச்சு பூசிய கம்பிகள் விலை கூடினாலும் கடலோரத்தில் அந்தக் காசு தேறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வாத்தியத்தை விட்டுச் செல்வது மட்டும் வேண்டவே வேண்டாம், பசை இளகிக் கழுத்து பெயர்ந்துவிடும்.

விலையைக் கணக்குப் போடும்போது இணையத்தில் தெரியும் தொகையோடு நிறுத்திவிடுகிறோம். வெளியில் இருந்து வரவழைத்தால் சுங்கம், வரி, கூரியர் எல்லாம் சேரும். உடைந்து வந்தால் திருப்பி அனுப்புவது லேசில் நடக்காது. உள்நாட்டு வாத்தியத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் செட்டப்புக்கும் நல்ல கம்பிக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைச் செட்டப், கம்பி, பெட்டி மூன்றுக்கும் எடுத்து வையுங்கள் என்பேன். முறுக்காணி வழுகினால் மாற்றலாம், பிரிட்ஜை மாற்றலாம். கழுத்து வளைந்திருந்தால் உள்ளே ட்ரஸ் ராட் (கழுத்தை நிமிர்த்த உதவும் இரும்புக் கம்பி) இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மலிவு வாத்தியங்கள் பலவற்றில் இருக்காது, அப்போது வளைவை நிமிர்த்துவது பெரும்பாடு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரம் அழுத்தி, 7-வது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு விலகி நிற்கிறது என்று பாருங்கள். தாள் கனம் இருந்தால் கழுத்து சரி.

கடைசியாகக் கம்பி. தாத்தா காலத்துக் குடம் போன்ற முதுகுள்ள மாண்டலின் வீட்டில் இருந்தால், அதில் கடையில் கிடைக்கும் 11-40 மீடியம் செட்டைப் (எண்கள் கம்பியின் தடிமனைக் குறிக்கும்) பூட்டாதீர்கள். அவை மெல்லிய கம்பிக்காகச் செய்யப்பட்டவை, கூடுதல் இழுவையில் மேல்பலகை அமுங்கிப்போகும். ட்ரஸ் ராட் இல்லாத மலிவு மாண்டலினுக்கும் 10-38 லைட் செட்டே போதும். வாங்கும்போது நுனியில் வளையம் உள்ளதா, குண்டு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், பெரும்பாலான மாண்டலின்களின் வால்பகுதிக்கு வளையம்தான் பொருந்தும். மாற்றும்போது எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் இடம் பெயர்ந்துவிடும். ஒரு ஜோடியைக் கழற்றி, புதியதைப் பூட்டி, ஓரளவு சுருதி ஏற்றிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போங்கள்.