கடற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நடந்தது இது. நான்கு வயதுப் பையன் ஒருவன் ஈர மணலில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கிண்ணத்தால் குழி தோண்டிக்கொண்டிருந்தான். முப்பதடி தள்ளியிருந்து ஒரு லாப்ரடார் அவனை நோக்கி ஓடி வந்தது. வால் ஆடிய விதத்தை வைத்தே, விளையாடத்தான் வருகிறது என்று நாய் வளர்க்கிற எனக்குப் புரிந்தது. பையனுக்கு எப்படிப் புரியும்? உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்கு நேரே அதன் வாய்தான் இருந்தது. கிண்ணத்தை விட்டுவிட்டு அப்படியே விறைத்துப்போனான். சத்தம்கூட வரவில்லை. அம்மா ஓடி வந்து தூக்கிய பிறகுதான் அழ ஆரம்பித்தான். நாயின் சொந்தக்காரர் பின்னால் நடந்து வந்தபடியே கையை ஆட்டிச் சொன்னார்: “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது.”

இதே பேச்சை நானும் பல வருஷம் பேசியிருக்கிறேன். எங்கள் மணி தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். இன்றுவரை யாரையும் கடித்ததில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பையன் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டேன் என்று அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு அடம்பிடித்ததைப் பார்த்த பிறகு, ‘ஒண்ணும் பண்ணாது’ என்பது என் வாயில் வருவதில்லை. நம் நாயோடு பழகச் சம்மதம் சொல்லிவிட்டு யாரும் கடற்கரைக்கு வருவதில்லை. நாம் செய்கிற தவறுகளில் பாதி, இதை மறந்துவிடுவதால் வருகிறவை.

கயிற்றை அவிழ்த்துவிடுவது

அவ்வளவு பெரிய மணல்வெளியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் ஓடட்டுமே என்று தோன்றும். தோன்றுவது இயல்புதான். ஃப்ளாட்டில் அடைந்து கிடக்கிற நாய்க்கு அந்த ஓட்டம் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்கும் தெரியும். ஆனால் கடற்கரையில் நாயின் கவனத்தை இழுக்கிற விஷயங்கள் ஏராளம்: காகம், நண்டு, பந்து, மீன் நாற்றம், சவாரிக் குதிரை. வீட்டில் கூப்பிட்டதும் வருகிற நாய், அலைச் சத்தத்துக்கு நடுவே காற்றுக்கு எதிர்த்திசையில் நின்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்காது. குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் போய் ஒரு நாய் குரைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக அந்தக் குதிரை மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்.

ஆறடி நீளத்தில் சாதாரண கயிறு போதும். இழுக்க இழுக்க நீளுகிற ரகம் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். நாய் பதினைந்து அடி தள்ளிப் போய்விட்டால் சட்டென்று பக்கத்தில் இழுக்க முடியாது. அந்த மெல்லிய கயிறு ஓடி வருகிற பிள்ளைகளின் கால்களில் சுற்றினால் தோலை அறுத்துவிடும். ஓடவிட்டே ஆகவேண்டும் என்றால் விடிந்தும் விடியாத நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக, நீளமான பருத்திக் கயிற்றின் ஒரு முனையை உங்கள் கையில் வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். ஆமைகள் கரைக்கு வருகிற மாதங்களில் இதுவும் கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விளையாட்டாகப் பாய்ந்தாலும் நகம் கீறும். ரத்தம் வராத சின்னக் கீறல் என்றாலும், முன்பின் தெரியாத நாயிடம் பட்டால் வெறிநோய்த் தடுப்பூசி போடத்தான் மருத்துவர் சொல்வார். தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் ஊசி போட்ட அன்று, பிறகு அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து என்று நான்கு முறை. நம் நாய் ‘பாசமாக’ மேலே ஏறியதற்கு, தினக்கூலிக்குப் போகிற ஒருவர் நான்கு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் மணியின் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் காட்டலாம். கேட்காவிட்டாலும், கீறல் பட்டால் நாமே எடுத்துக் காட்ட வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. வளர்ப்பு விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு இந்த உரிம விஷயத்தில் கெடுபிடி கூடியது. சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது; சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேசச் சான்று அது. அந்தச் சான்றுக்கான விதிகளிலேயே வளர்ப்பு விலங்குகளைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு கடற்கரைக்குப் புதிதாகப் போகிறீர்கள் என்றால் வாசலில் இருக்கிற பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

மணலைத் தள்ளி மூடிவிடுவது

இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நாய் மலம் கழிக்கும். சொந்தக்காரர் சுற்றுமுற்றும் பார்ப்பார். செருப்புக் காலால் நாலு தரம் மணலைத் தள்ளி மூடிவிட்டு நடையைக் கட்டுவார். அவரைப் பொறுத்தவரை சுத்தம் செய்தாகிவிட்டது, மண்ணோடு மண்ணாகிவிடும் என்ற நினைப்பு.

மணலுக்குள் நடப்பது வேறு. நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. வெதுவெதுப்பான ஈர மணல் அவற்றுக்கு நல்ல இடம். ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வந்துவிடுகின்றன. நீங்கள் மூடிவிட்டு வந்த மணல் நேரடி வெயில் படாமல் அந்தப் புழுக்களுக்கு நிழலும் ஈரமும் கொடுக்கிறது. பத்து நாள் கழித்து வேறொருவர் வெறுங்காலோடு அங்கே நடக்கிறார், அல்லது ஒரு குழந்தை அதே இடத்தில் மணல் வீடு கட்டுகிறது. புழு தோலுக்குள் நுழைந்து, தோலடியிலேயே நெளிந்து நெளிந்து நகரும். பாதத்தில் சிவப்பாக, கோணல் மாணலாகக் கோடு போட்டதுபோல் தடம் தெரியும். ராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு. மனித உடலில் அந்தப் புழு முழுதாக வளர முடியாது என்றாலும் வாரக்கணக்கில் படுத்தும். மணலை அள்ளி வாயில் வைக்கிற சின்னக் குழந்தைகளுக்கு நாயின் உருண்டைப்புழு முட்டையால் வருகிற தொல்லை இன்னும் மோசம். அந்த முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிலருக்குக் கண்ணைக்கூடப் பாதித்துவிடும்.

ஆகவே மூடாதீர்கள், எடுங்கள். கையில் ஒரு பையை உறைபோல் மாட்டிக்கொண்டு, கீழே இரண்டு விரல்கடை மணலையும் சேர்த்து அள்ளி, பையை வெளிப்புறமாகத் திருப்பி முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். தொட்டி கண்ணில் படவில்லை என்றால் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். முடிந்து வைத்த பையைப் படகுக்குப் பக்கத்தில் ‘திரும்பும்போது எடுத்துக்கலாம்’ என்று வைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். திரும்பும்போது யாரும் எடுப்பதில்லை. அலைக்குள் வீசுவதும் கூடாது, அடுத்த அலை அதைக் கரையிலேயே கொண்டுவந்து போடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்துவிடுங்கள். புறப்படும் முன் வீட்டுத் தெருவிலேயே பத்து நிமிஷம் நடக்கவிட்டு, அங்கேயே ‘போகவைத்து’ அள்ளிவிட்டால் கடற்கரையில் பாதி வேலை மிச்சம்.

மணலை மைதானமாக மட்டும் பார்ப்பது

எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பமும் ஓடைக்குப்பமும் இருக்கின்றன. நமக்குக் காற்று வாங்குகிற இடம், அவர்களுக்கு வேலைத்தளம். ஒருநாள் காலையில் ஒரு அம்மா பழைய வலையை மணலில் விரித்து நெத்திலியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கை நிறைய அள்ளி, விதை தூவுவதுபோல வீசி, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டியிருந்ததை விரல் நுனியால் பிரித்து விட்டார். மணி அந்தப் பக்கம் இழுத்தது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடிதான், வலையின் ஓரத்தில் காலைத் தூக்கிவிட்டது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. நனைந்த ஓரத்திலிருந்து இரண்டு கை மீனை அள்ளித் தூரப் போட்டார், அவ்வளவுதான். “இது சாப்பிடற பொருள் தம்பி” என்றார். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அவர் சொன்ன அந்த நாலு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

உலர்கிற மீன், மடித்து வைத்த வலை, படகு, ஐஸ் பெட்டி எல்லாமே ஒருவருடைய முதலீடு. நாயின் நகம் மாட்டி வலைக் கண்ணி கிழிந்தால், உட்கார்ந்து பின்னுகிறவருக்கு அரைநாள் போய்விடும். படகு கரையேறி மீன் இறக்குகிற நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போங்கள். வேறு வழியில்லை என்றால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, போனைப் பையில் போட்டுவிட்டு நடங்கள்.

ஆமை வரும் மாதங்களை மறப்பது

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வருகின்றன. ராத்திரியில் தாய் ஆமை கரையேறி, பின்துடுப்பால் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பானை வடிவில் குழி பறித்து, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். நம் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது, நாயின் மூக்குக்குத் தெரியும். மாணவர்கள் தொடங்கிய ஒரு குழு 1988 முதல் இந்த மாதங்களில் ராத்திரி முழுக்க நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரமாகப் புதைக்கிறது. அவர்கள் வந்து சேர்வதற்குள் ஒரு நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிட்டால் அந்தக் கூட்டில் ஒன்றும் மிஞ்சாது. சுமார் ஐம்பது நாள் கழித்துப் பொரிக்கிற குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாய்க்கு அது நகர்கிற பொம்மை. கரையேறிக்கொண்டிருக்கும் தாய் ஆமையோ, ஒரு குரைப்புச் சத்தம் கேட்டாலே முட்டையிடாமல் திரும்பிவிடக்கூடும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரைக்கு வந்து சேர்கிற ஒவ்வொரு ஆமையும் எவ்வளவு பெரிய விஷயம் என்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. ஜனவரி முதல் மே வரை, இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்னும் நாயை மணலில் இறக்காதீர்கள். பகலிலும் தோண்டவிடாதீர்கள். செத்த ஆமை கிடந்தால் நாய்கள் அதன் மேல் புரளப் பார்க்கும், தூரத்திலேயே திருப்பிக் கூட்டிப் போய்விடுங்கள்.

நாய்க்கே செய்கிற தவறுகள்

வெயில் ஏறிய பிறகு கூட்டிப் போகாதீர்கள். புறங்கையை மணலில் ஏழெட்டு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. குடிக்க நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி, பேதி என்று அவதிப்படும். வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் கரையில் கிடக்கும், வயிறு உப்பி உருண்டையாக இருக்கும். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. கடித்துவிட்டால் காத்திருக்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். கரையில் ஒதுங்கும் சொறிமீன் (ஜெல்லி மீன்), செத்திருந்தாலும் கொட்டும்.

அப்புறம், கடற்கரையிலேயே வாழ்கிற தெருநாய்கள். அது அவற்றின் இடம், நம் நாய்தான் விருந்தாளி. நாலைந்து சேர்ந்து குரைத்துக்கொண்டு வந்தால் கல் எடுக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். நாயைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முறைத்துப் பார்க்காமல், வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். பயத்தில் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் அந்தப் பயம் நாய்க்கும் ஏறும்.

கடித்துவிட்டால் நழுவிப் போவது

எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒருநாள் உங்கள் நாய் யாரையாவது கடித்துவிடலாம், கீறிவிடலாம். கூட்டம் கூடுவதற்குள் போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். நீங்கள் போய்விட்டால் அந்த மனிதருக்கு அது தடுப்பூசி போட்ட நாயா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும். நாயைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு, காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ உதவுங்கள். பதினைந்து நிமிஷம் என்பது நின்று பார்த்தால் ரொம்ப நேரமாகத் தெரியும், பாதியில் நிறுத்தக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கவிடாதீர்கள். உங்கள் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். செலவை நீங்கள் கொடுங்கள். தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அடுத்த பத்து நாள் நாயை வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, நடத்தையில் மாற்றம் உண்டா என்று பாருங்கள். கடிபட்டவர் வீட்டுக்குத் தினமும் ஒருமுறை போன் செய்து சொல்லுங்கள். அவர்கள் கோபத்தில் இரண்டு வார்த்தை அதிகம் பேசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாவது நாளும் மறக்காமல் கூப்பிட்டு, நாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தப் போனுக்காக அந்த வீட்டில் ஒருவர் பத்து நாளாகக் காத்துக்கொண்டிருப்பார்.