மன அழுத்தத் தொட்டியை வரைவது எப்படி?

அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை, பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்று எல்லாம் ஒரே மார்ச்சில் வந்தபோது நான் பிடித்துக்கொண்ட பயிற்சி இது. பக்கத்து மேசைக்காரர் இதைவிட அதிக வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். அது எப்படி என்ற எரிச்சலில்தான் படிக்கத் தொடங்கினேன்.

1977இல் ஜோசப் ஜூபின், பானி ஸ்பிரிங் என்ற உளவியலாளர்கள் மனச்சிதைவு நோயைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவருக்குள் இருக்கும் பாதிப்புத்தன்மையும் வெளியிலிருந்து வரும் அழுத்தமும் சேரும்போதுதான் மனம் நிலைகுலைகிறது என்பது அது. 2002இல் பிராபன், டர்கிங்டன் என்ற மனநல வல்லுநர்கள் இருவரும் அந்தக் கருத்தை ஒரு வாளியாக வரைந்து காட்டினார்கள். எனக்குத் தொட்டிதான் வசதி. அடியில் குழாய் வைக்க வேண்டுமே. தொட்டியின் அளவு நம் தாங்கும் திறன், உள்ளே விழும் நீர் அழுத்தம், குழாய் அதை வெளியேற்றும் வழி.

கோடு போடாத நோட்டும் பென்சிலும் போதும். கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். "இன்று உங்கள் மனநிலை என்ன?" என்று அவை நேரங்கெட்ட நேரத்தில் கேட்பதே ஒரு தொல்லை.

படி 1: தொட்டியின் அளவு. குடும்பத்தில் மனச்சோர்வு உண்டா, சிறுவயதில் பெரிய இழப்பு உண்டா, தைராய்டு போன்ற கோளாறு, தூக்கக் குறைவு, பேச ஆளில்லாத நிலை ஆகியவற்றைத் தொட்டியின் பக்கத்தில் எழுதுங்கள். மாற்றக்கூடியவற்றுக்கு மட்டும் நட்சத்திரம் போடுங்கள். சிறிய தொட்டி என்பது குணக்கேடு அல்ல.

படி 2: உள்ளே வரும் நீர். "வேலை" என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. "20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல்", "ஆஸ்பத்திரிக்கு யார் துணைக்குப் போவது" என்று எழுதுங்கள்.

படி 3: குழாய்கள். எனக்குப் பிடிபட நெடுநாள் ஆன இடம் இதுதான். எந்தக் குழாயைத் திறப்பது என்பது எந்த நீர் வருகிறது என்பதைப் பொறுத்தது. லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984இல் இரண்டு வகைச் சமாளிப்பைப் பிரித்தார்கள்: சிக்கலையே கையாள்வது, சிக்கல் எழுப்பும் உணர்ச்சியைக் கையாள்வது. கடன் தவணை தவறப்போகிறது என்றால் மூச்சுப்பயிற்சி செய்து பயனில்லை. வங்கிக்குப் போய் மேலாளரிடம் பேச வேண்டும். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும்போதோ செய்வதற்கு எதுவுமில்லை. அங்கே நடை, பாட்டு, தோழியுடன் பேச்சு, மூச்சு. படி 2இல் எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே "கையில் உண்டு", "கையில் இல்லை" என்று குறியுங்கள். இரண்டும் கலந்திருந்தால் அதை இரண்டு வரிகளாக உடையுங்கள். அறுவை சிகிச்சையின் முடிவு நம் கையில் இல்லை. துணைக்குப் போகும் முறையை நாத்தனாருடன் பங்கிட்டுக்கொள்வது கையில் உண்டு.

சில குழாய்கள் வெளியேற்றிய நீரையே திரும்பக் கொண்டுவந்து ஊற்றும். மது கண்ணை மூடவைக்கும். பின்னிரவுத் தூக்கத்தைக் குலைத்துவிடும். மாலை ஐந்து மணிக் காபியின் காஃபீனில் ஏறக்குறையப் பாதி இரவு பத்துக்கும் உடலில் இருக்கும். மறுநாள் காலையில் தொட்டி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல குழாயைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

படி 4: ஒன்றே ஒன்று. ஒரு வாரத்துக்கு ஒரு குழாய் மட்டும். அடுத்த ஞாயிறன்று படத்தைத் திரும்ப வரையுங்கள்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.

பிற்சேர்க்கை: மூச்சுப்பயிற்சியில் தலை சுற்றுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆழமாக இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து அப்படி ஆகும். ஆழம் வேண்டாம், மெதுவாக விடுவதே போதும்: நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள்.

இன்னொன்று: கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒருவர், "நோட்டை மாமனார் எடுத்துப் படித்துவிட்டால்?" என்று கேட்டார். நியாயமான பயம். பெயர்களுக்குப் பதில் காய்கறிகளை எழுதுங்கள். என் நோட்டில் இன்னும் ஒரு பாகற்காய் இருக்கிறது. யாரென்று சொல்ல மாட்டேன்.