மளிகைச் செலவைக் குறைக்க விலையை ஒப்பிடுவது எப்படி?

ஒரே பொருளை இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் விலை பார்க்கும்போது நம்மில் பெரும்பாலோர் பொட்டலத்தின் விலையை மட்டும் பார்த்துவிட்டு, எது குறைவோ அதை எடுத்துக்கொள்கிறோம். அந்த விலை எவ்வளவு பொருளுக்கானது என்பதையும் சேர்த்துப் பார்க்காதவரை, எது மலிவு என்று சொல்லிவிட முடியாது. 380 கிராம் பாக்கெட் 84 என்றும், 450 கிராம் பாக்கெட் 96 என்றும் வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு 84 தான் குறைவாகத் தெரிகிறது. ஆனால் 100 கிராமுக்குக் கணக்கிட்டால் முதலாவது 22.11 ஆகவும் இரண்டாவது 21.33 ஆகவும் வருகிறது. தயாரிப்பாளர்கள் 380, 450, 475 என்று ஒன்றோடொன்று பொருந்தாத அளவுகளில் அடைத்து விற்பதால், மனக்கணக்கில் இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடுவதில்லை. எனவே விலையை எடையால் வகுத்து, அலகு விலையைக் கண்டறிவதே முதல் வேலை. கைப்பேசியிலுள்ள கால்குலேட்டர் இதற்குப் போதும்.

பல நாடுகளில் இந்தக் கணக்கைக் கடைக்காரரே செய்து காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 இல் இதற்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2009 இறுதியிலிருந்து பெரிய மளிகைக் கடைகள் அலகு விலையைக் கட்டாயம் காட்டிவருகின்றன. அலமாரி விளிம்பில் செருகியிருக்கும் விலைச்சீட்டின் ஓர் ஓரத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்தில், அது இருக்கும். படிக்கும்போது எண்ணோடு அலகையும் கவனியுங்கள். ஒரு சீட்டில் 100 கிராமுக்கும் பக்கத்துச் சீட்டில் ஒரு கிலோவுக்கும் விலை போட்டிருந்தால், இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றாமல் ஒப்பிடுவதில் பயனில்லை.

கிலோவும் லிட்டரும் எதிரெதிரே வரும்போது இன்னும் நிதானம் தேவை. சமையல் எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம்தான். ஒரு லிட்டர் பாக்கெட் 150க்கும் ஒரு கிலோ பாக்கெட் 160க்கும் கிடைத்தால், முதலாவதில் கிலோவுக்கு 165 அளவில் ஆகிறது. விலை கூடுதலாகத் தெரிகிற கிலோ பாக்கெட்தான் உண்மையில் மலிவு. ஐஸ்கிரீமில் காற்று கலந்திருக்கும், அதன் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு வெகுவாக மாறும் என்பதால், லிட்டர் கணக்கில் சமமாகத் தோன்றும் இரண்டு டப்பாக்களைக் கையில் எடுத்துப் பார்த்தாலே ஒன்று கனமாக இருப்பது தெரியும். டின்னில் அடைத்த பொருள்களில் நிகர எடையோடு, நீரை வடித்த பிறகான எடையும் குறிக்கப்பட்டிருந்தால், ஒப்பிட வேண்டியது வடித்த எடையைத்தான். உறைய வைத்த மீனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேலே படிந்திருக்கும் பனிப்படலத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். சலவைத் தூளை எடையால் ஒப்பிடுவதைவிட, ஒரு முறை துவைக்க எவ்வளவு செலவாகிறது என்று ஒப்பிடுவது சரியாக இருக்கும். அடர்த்தியான தூள் குறைந்த அளவே போதுமானது என்பதால், கிலோ விலை கூடுதலாக இருந்தும் துவைப்புக்கு மலிவாக அமைவதுண்டு.

கடையிலுள்ள எல்லாவற்றையும் ஒப்பிட முனைந்தால் ஒரே வாரத்தில் சலித்துவிடும். கடந்த ஒரு மாதத்துப் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வாங்கியவற்றையும் அதிகம் பணம் போனவற்றையும் அடிக்கோடிடுங்கள். அப்படித் தேறுகிற பதினைந்து இருபது பொருள்களைப் பின்தொடர்ந்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாங்கும் ஒரு மசாலா டப்பாவில் மிச்சமாகும் சில்லறைக்காக நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. தேர்ந்த பொருள்களை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்திலோ கைப்பேசியிலோ எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடை, தேதி, பிராண்டு, நிகர அளவு, விலை, அலகு விலை ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். தேதியை விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று மாதக் குறிப்பு சேர்ந்ததும், எந்தப் பொருளின் விலை எவ்வளவு இடைவெளியில் இறங்குகிறது, அதன் வழக்கமான அடிமட்ட விலை எது என்பது கண்முன் தெரியும். அதன் பிறகு "மாபெரும் தள்ளுபடி" என்ற பலகையைப் பார்க்கும்போது, அது உண்மையான குறைப்புதானா என்பதை உங்கள் குறிப்பே சொல்லிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில், விலையைக் குறைத்திருப்பதாக அறிவிக்கும் கடை, பொதுவாக அதற்கு முந்தைய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தகைய விதி இல்லாத இடங்களில் அந்த வேலையை உங்கள் நோட்டுதான் செய்ய வேண்டும்.

நிகர அளவைக் குறித்துவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. விலையை ஏற்றாமல் அளவை மட்டும் குறைக்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. 500 கிராம் பாக்கெட் அதே விலையில் 450 கிராம் ஆனால், அது 11 சதவீத விலையேற்றம். பாக்கெட்டின் தோற்றமோ அப்படியே இருக்கும். பிரான்சில் 2024 ஜூலை முதல், இப்படி அளவு குறைந்த பொருள்களுக்கு அருகே பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று ஆணையே பிறப்பித்திருக்கிறார்கள்.

சலுகைகளை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஓர் அலகுக்கான விலையாக மாற்றிவிடுங்கள். "25 சதவீதம் கூடுதல்" என்பது 25 சதவீதத் தள்ளுபடிக்குச் சமமன்று. 100 கொடுத்து 125 பங்கு பெறுகிறோம் என்பதால் உண்மையான குறைப்பு 20 சதவீதம்தான். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்றில் ஒரு பங்கு குறைவு. "இரண்டாவது பாதி விலை" என்பது மொத்தத்தில் 25 சதவீதம் மட்டுமே. கடைசி இரண்டு சலுகைகளும் சொன்ன எண்ணிக்கையில் வாங்கினால்தான் கிடைக்கும் என்பதால், ஒன்றே போதும் என்கிற வீட்டுக்கு அவற்றால் ஆதாயம் இல்லை. உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான விலையை, அட்டை இல்லாதபோது உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. முதலாவதாக, சில சமயம் சிறிய பொட்டலத்துக்குத் தள்ளுபடி வந்து, அலகு விலையில் அதுவே முந்திவிடும். இரண்டாவதாக, வீணாகும் பகுதியையும் விலையில் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ 200 என்றும், கால் கிலோ 60 என்றும் இருந்தால், 100 கிராமுக்கு முறையே 20, 24 ஆகிறது. ஆனால் கிலோ பாக்கெட்டில் கால் பங்கு கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால், பயன்படுத்திய 750 கிராமுக்கு 200 கொடுத்திருக்கிறோம்; 100 கிராமின் விலை 26.67 ஆகிவிடுகிறது. சீக்கிரம் கெடக்கூடியவற்றைத் தேவைக்கு ஏற்பவும், சோப்பு, உப்பு போன்று நாள்பட இருப்பவற்றை விலை அடிமட்டத்தைத் தொடும்போது அடுத்த இறக்கம் வரை தாங்கும் அளவுக்கும் வாங்கினால் இந்த இழப்பு நேராது.

கடைகளின் சொந்தப் பெயரில் வரும் பொருள்கள் பெரும்பாலும் மலிவாக இருக்கும். வாங்குமுன் சேர்மானப் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்மானங்கள் பொதுவாக எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால், முதல் இரண்டு மூன்று பெயர்களே தரத்தைப் பற்றி ஓரளவு சொல்லிவிடும்.

எந்தக் கடை மலிவு என்று முடிவு செய்யும்போது ஓரிரு பொருள்களை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். எல்லோருக்கும் விலை மனப்பாடமாகத் தெரிந்த சில பொருள்களை இலாபமே இல்லாமலும்கூட விற்று, உள்ளே வந்தவர்கள் வாங்கும் மற்றவற்றில் அதை ஈடுகட்டுவது சில்லறை வணிகத்தில் பழைய உத்தி. உங்கள் பதினைந்து இருபது பொருள்களையும், நீங்கள் வாங்கும் அளவிலேயே, ஒவ்வொரு கடையிலும் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் போக்குவரத்துச் செலவைவிடக் குறைவாக இருந்தால் தொலைவிலுள்ள கடை மலிவன்று. இணையத்தில் வாங்குவோர் விநியோகக் கட்டணத்தையும், குறைந்தபட்ச ஆர்டர் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாமல் சேர்த்த பொருள்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். சில நிறுவனங்களில் கடை விலையும் இணைய விலையும் ஒன்றாக இருப்பதில்லை. பலருக்கு மாதத்தில் ஒரு முறை ஒரு கடையில் கெடாத பொருள்கள், வாராவாரம் பக்கத்துக் கடையில் மற்றவை என்று பிரித்துக்கொள்வதே சரியாக வரும்.

பில் போடும்போதும் கவனம் வேண்டும். அலமாரியில் ஒட்டிய சலுகை விலை கணினியில் ஏற்றப்படாமல் பழைய விலையே விழுவது நடப்பதுண்டு. எனவே சலுகைச் சீட்டை எடுக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பில்லை வரி வரியாகச் சரிபாருங்கள். வித்தியாசம் இருந்தால் அங்கேயே படத்தைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்; வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால், அடுத்த முறை போகும்போது அந்தப் பில்லை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.