கரையில் அலையே இல்லை என்று படகை இறக்காதீர்கள்

தண்ணீர் நிறையக் குடியுங்கள், சன்ஸ்கிரீன் பூசுங்கள், செருப்போடு மலையேறாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வெப்பமண்டலத் தீவுக்குக் கிளம்புகிற எல்லோருக்கும் அது தெரியும். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு, காட்டுப் பாதை, அலைச்சறுக்கு என்று மூன்றையும் ஒரே நாளில் அடுக்கிக்கொண்டு வருகிறவர்களை அழைத்துப் போவது என் வேலை. அவர்களைச் சிக்கவைப்பது எல்லாமே பார்த்தால் புத்திசாலித்தனமாகத் தோன்றும் தவறுகள்தான். தொடங்கிய காலத்தில் நான் செய்தவற்றையே புதியவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அதில் ஒன்றைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கரையோர அமைதியை நம்புவது

போன சீசனில் இரண்டு நண்பர்கள் கயாக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் அப்போதுதான் என் குழுவைக் கரையேற்றிக்கொண்டிருந்தேன். “காற்று மலைப்பக்கமிருந்து வருது, முனையைத் தாண்டாதீங்க” என்றேன். “அண்ணே, தண்ணி குளம் மாதிரி கிடக்கு, பயப்படாதீங்க” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். போகும்போது துடுப்பே போட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சுகமாகப் போனது. திரும்பலாம் என்று படகைத் திருப்பியபோதுதான் விஷயம் புரிந்தது. எவ்வளவு போட்டாலும் கரை கிட்டே வரவில்லை. கடைசியில் ஒரு மோட்டார் படகு போய் இழுத்துவந்தது. ஒருவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், இன்னொருவருக்குப் பேச்சே வரவில்லை. வாடகைக்கு விட்டவர் திரும்ப வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டாரே தவிர, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரம் கண்ணை ஏமாற்றும். மலையும் மரங்களும் காற்றை மறைத்துக்கொள்கின்றன. அலை எழும்பக் காற்று தண்ணீர் மேல் கொஞ்ச தூரமாவது ஓட வேண்டும். கரையோரத்தில் அந்த தூரமே கிடையாது, அதனால் அலையும் இல்லை. அதோடு, தூரத்தில் எழும் அலைகளின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. வெள்ளை நுரை விழும் முகம் கடலைப் பார்த்து இருப்பதால் கடல் இருப்பதைவிட அமைதியாகவே தெரியும்.

வணிகக் காற்று, அதாவது பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து விடாமல் வரும் காற்று, வீசும் தீவுகளில் இது இன்னும் மோசம். அந்தக் காற்று வட அரைக்கோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென் அரைக்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வரும். தீவின் மறுபக்கம், அதாவது காற்று மறைவான பக்கம், சுற்றுலாக்காரர்களுக்குப் பிடித்த அமைதியான கடற்கரையாக இருக்கும். ஆனால் நிலமுனையைச் சுற்றும் இடத்தில் காற்று நெருக்கிக்கொண்டு வேகம் பிடிக்கும். புதியவர் துடுப்புப் போட்டால் மணிக்கு 4, 5 கி.மீ. போவார். எதிர்க்காற்று பலமானால் அதுவும் தேறாது.

இறங்குவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, மலை உச்சியிலுள்ள மரங்கள். கீழே இலை அசையாதபோதும் மேலே ஆடும். இரண்டு, தூரத்துத் தண்ணீர். திட்டுத் திட்டாகக் கறுத்து நடுங்கினால் அங்கே காற்று இறங்கிவிட்டது. மூன்று, நங்கூரமிட்ட படகுகள். நீரோட்டம் பலமாக இல்லாத இடத்தில் படகின் முன்பக்கம் காற்று வரும் திசைக்குத் திரும்பி நிற்கும். எல்லாப் படகும் கரையைப் பார்த்து நின்றால் காற்று உங்களைக் கடலுக்குத் தள்ளப்போகிறது.

சரி, அப்படியும் போகத்தான் வேண்டுமென்றால் கரையை ஒட்டியே போங்கள். முதல் பாதியைக் காற்றுக்கு எதிராகப் போடுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று கூட வரும். நின்றபடி துடுப்புப் போடும் பலகை என்றால், காற்று ஏறியதும் மண்டியிடுங்கள், முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் தள்ளுங்கள். நிற்கும் உடம்பே காற்றைப் பிடிக்கும் படகுப் பாயாகிவிடும். எது நடந்தாலும் படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். தேடி வருகிறவர் கண்ணில் முதலில் படுவது படகுதான், தண்ணீரில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். விசிலும், தண்ணீர் புகாத பையில் போனும் உடம்போடு இருக்கட்டும். படகின் பெட்டிக்குள் போட்ட போன் படகு கவிழ்ந்தால் உதவாது.

மதியத்துக்குப் படகை ஒதுக்குவது

வேண்டாம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். கடல் காலைக்கு.

அலை உடையாத இடத்தில் குளிக்க இறங்குவது

இரண்டு பக்கமும் நுரை தள்ள, நடுவில் மட்டும் தண்ணீர் கறுப்பாக, சமமாக இருக்கும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கேதான் இறங்குவார்கள். கரையில் குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் பாதை அது, ரிப் கரன்ட். உக்கிரமானால் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும், போட்டி நீச்சல்காரராலும் எதிர்த்து வர முடியாது. இழுத்தால் மிதந்தபடி இருங்கள், கையை உயர்த்திக் கூப்பிடுங்கள், தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நுரை தெரியும் பக்கம் வாருங்கள்.

அலையின் உயரத்தை மட்டும் கேட்பது

“ஒரு மீட்டர்தானே” என்பார்கள். எத்தனை நொடிக்கு ஓர் அலை என்றும் கேளுங்கள். 7 நொடிக்கு ஒன்று வரும் ஒரு மீட்டர் அலையைவிட 14 நொடிக்கு ஒன்று வரும் ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியோடு வரும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, நடுவில் நீண்ட இடைவெளி விடும். இறங்கும் முன் இருபது நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள்.

பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிப்பது

அலை அதை முகத்தில் அடித்தால் பல் போகும். பக்கவாட்டில் பிடியுங்கள்.

ஓடையில் நிதானமாகக் கால் நனைப்பது

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலாக இருக்கலாம், மேலே சிகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் திடீரென மிதந்து வந்தாலோ செல்ஃபியை விட்டுவிட்டு மேடேறுங்கள். அப்புறம், தண்ணீர் வடியும்வரை கடக்காதீர்கள். முழங்கால் அளவு வெள்ளமே ஆளைச் சாய்த்துவிடும்.

பொழுது சாயும்வரை நடப்பது

வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்கும், அந்தி நீடிக்காது. சூரியன் மறைந்து அரை மணிக்குள் நல்ல இருட்டு. மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே. உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். தாமதமாக எழுந்துவிட்டீர்களா, மூன்றில் ஒன்றை விட்டுவிடுங்கள். நான் விடச்சொல்வது மலையை. கடலில் சோர்ந்த கால்களோடு ஈரப்பாறையில் இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகுகிறது.