யார் யாரோடு பழகுகிறார்கள்: முதலில் எண்ணிப் பாருங்கள்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் 30 பேர். கணக்குப் பிரிவில் 24, வரைபடப் பிரிவில் 6. "வரைபடக்காரர்கள் கலகலப்பானவர்கள், கணக்குக்காரர்கள் யாரோடும் ஒட்ட மாட்டார்கள்" என்று எல்லோரும் சொல்வோம். நானும் அதை நம்பினேன், ஒருநாள் உட்கார்ந்து எண்ணும்வரை.

நீங்களும் எண்ணலாம். ஒரு தாளில் எல்லார் பெயரையும் வட்டமாக எழுதுங்கள். நட்பு இருக்கும் இருவருக்கு இடையே ஒரு கோடு. எது நட்பு என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் பிடித்தவர்களுக்குக் கை தாராளமாகக் கோடு போடும். வேலை விஷயம் இல்லாமல் இந்த மாதம் ஒருமுறையாவது தேடிப் போய்ப் பேசியிருந்தால் நட்பு என்று நான் வைத்துக்கொண்டேன்.

மொத்தம் 60 கோடு வந்தது. பிரிவு தாண்டிய கோடுகள் 12. அந்த 12ஐ ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு. 24 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அரை. கோடுகள் அதேதான்! நாங்கள் குணம் என்று நினைத்தது வெறும் தலைக்கணக்கு. சிறிய குழுவுக்குத்தான் வெளித்தொடர்பு விகிதம் கூடுதலாக இருக்கும் என்பதை சமூகவியலாளர் பீட்டர் பிளாவ் 1977இல் தன் கோட்பாட்டின் அடிப்படையாகவே வைத்தார். தனிமனிதர்களின் கொடுக்கல் வாங்கலைப் பற்றி 1964இல் எழுதியவர், பிற்பாடு குழுக்களின் அளவிலிருந்து தொடங்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, அடுத்தது ஒப்பீடு. 30 பேரில் 435 ஜோடி சேர்க்கலாம். அதில் பிரிவு தாண்டியவை 24 × 6 = 144, அதாவது நூற்றுக்கு 33. பிரிவு பாராமல் பழகினால் கோடுகளிலும் ஏறக்குறைய இந்த விகிதம்தான் வர வேண்டும். எங்களிடம் இருந்ததோ 60க்கு 12, நூற்றுக்கு 20. இந்த இடைவெளியில்தான் 'தன் ஆட்கள்' மீதான பற்றைத் தேட வேண்டும். அதுவே 15க்கு 15 என்று பிரிந்திருந்தால் 225 ஜோடி, நூற்றுக்கு 52. யார் மனமும் மாறாமலேயே கலந்து பழகும் வாய்ப்பு ஏறிவிடுகிறது.

இதற்கப்புறம் வருவதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். அதே பெயர்களைத் தளம், பணிநேரம், சம்பளப் படி என்று வேறு வேறு விதமாகப் பிரித்துப் பாருங்கள். எங்கள் ஆறு பேரும் மேல்தளம், ஒரே பணிநேரம், ஒரே படி. ஒரு சுவரின் மேல் இன்னொரு சுவர். மேல்தளத்தில் பழுதுபார்ப்பு நடந்த நான்கு மாதம் அவர்களில் இருவர் கீழே வந்து உட்கார்ந்தார்கள். அச்சு இயந்திரம் தாளை மெதுவாகத் துப்பும். காத்திருக்கும் நேரத்தில் கணக்குப் பிரிவின் மூத்த அம்மா ஒருவர் அவர்களிடம் மகளின் தேர்வைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மறுபடி எண்ணியபோது பிரிவு தாண்டிய கோடுகள் 19. பிரிவு மாறவில்லை, தளம் மட்டும் குறுக்கே வெட்டியது.

பிளாவும் ஜோசப் ஷ்வார்ட்ஸும் 1984இல் இதையே பெரிய அளவில் காட்டினார்கள். அமெரிக்காவின் 125 பெருநகரப் பகுதிகளின் திருமணத் தரவை எடுத்துக்கொண்டார்கள். பலவகைக் குழுக்கள் கலந்து வாழ்ந்த இடங்களில் குழு தாண்டிய திருமணங்களும் கூடுதலாக இருந்தன.

கட்டமைப்பு சந்திக்க வைக்கும், அவ்வளவே. சந்தித்தவர்கள் சண்டையும் போடலாம். அதனால் சண்டைக்கு வேறு நிறத்தில் கோடு போடுங்கள். ஆறு மாதம் கழித்து, நட்புக்கு வைத்த அதே அளவுகோலோடு, புதுத் தாளில் மறுபடி எண்ணுங்கள். பழைய தாளை அதுவரை பார்க்காதீர்கள்.